புதுப்பிக்கலாமா, பொறுத்திருக்கலாமா?

கணிப்பொறியின் முன் அமர்ந்து அவசரமாக ஒரு கடிதம் தயாரித்துக்கொண்டிருக்கிறீர்கள். திரையின் மூலையில் ஓர் அறிவிப்பு தோன்றுகிறது: புதிய பதிப்பு வந்திருக்கிறது, இப்போதே நிறுவலாமா, பிறகு நினைவூட்டலாமா? நம்மில் பெரும்பாலோர் ‘பிறகு’ என்பதைத்தான் அழுத்துவோம். மறுநாளும் அதே கேள்வி, அதே விடை. கைப்பேசியிலும் இதே கதைதான். இது சோம்பல் மட்டும் அன்று. ‘நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை ஏன் தொட வேண்டும்?’ என்ற அச்சமும் அதில் உண்டு. அந்த அச்சம் நியாயமானதா? விடை காணுமுன் இரண்டு நிகழ்ச்சிகளைப் பார்ப்போம்.

இரு நிகழ்ச்சிகள்

2017-ஆம் ஆண்டு மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் விண்டோஸ் இயங்குதளத்தில் இருந்த ஒரு குறையைச் சரிசெய்யும் புதுப்பிப்பை வெளியிட்டது. ஒரு கணிப்பொறியிலுள்ள கோப்புகளை மற்றொன்று பகிர்ந்துகொள்ள உதவும் பகுதியில் அந்தக் குறை இருந்தது. புதுப்பிப்பை நிறுவியவர்கள் நிறுவினார்கள். பலர் ‘பிறகு’ என்று விட்டுவிட்டார்கள். சரியாக 59 நாட்கள் கழித்து, மே 12 அன்று, ‘வான்னாக்ரை’ என்னும் தீநிரல் அதே குறையின் வழியாக உள்ளே புகுந்தது. கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு, திறக்க வேண்டுமானால் 300 டாலர் கொடு என்று மிரட்டியது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகள் சிக்கின. இங்கிலாந்தின் அரசு மருத்துவ அமைப்புகளில் மூன்றில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான நோயாளிகளின் மருத்துவச் சந்திப்புகள் கைவிடப்பட்டன. சில இடங்களில் அவசர நோயாளிகளை வேறு மருத்துவமனைகளுக்குத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. மருந்து கையில் இருந்தும் உண்ணாமல் விட்ட நோயாளியின் நிலை இது.

இரண்டாவது நிகழ்ச்சி இதற்கு நேர்மாறானது. 2024-ஆம் ஆண்டு ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் கணிப்பொறிகளுக்கு ஒரு சிறு புதுப்பிப்புக் கோப்பை அனுப்பியது. அதில் ஒரு பிழை. 78 நிமிடங்களில் அது திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத் திரையைக் காட்டி நின்றுபோயின. உலகெங்கும் விமானங்கள் இரத்தாயின; வங்கிகளும் மருத்துவமனைகளும் தடுமாறின. இந்திய விமான நிலையங்கள் சிலவற்றில் விமானம் ஏறும் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

முதல் நிகழ்ச்சியில், புதுப்பிக்காதவர்கள் துன்பப்பட்டார்கள். இரண்டாவதில், புதுப்பிப்பு வந்ததாலேயே துன்பம் வந்தது. அப்படியானால் நாம் எப்படி நடந்துகொள்வது? இதற்கு விடை சொல்ல, புதுப்பிப்பு என்பது என்ன, அதன் மேல் எழுதப்பட்டிருக்கும் எண்கள் எதைக் குறிக்கின்றன என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

கல்யாண வீட்டுப் பெரியவர்

கணிப்பொறியில் பல நிரல்கள் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. ஒன்று கடிதம் எழுதுகிறது. ஒன்று பாட்டு இசைக்கிறது. ஒன்று படத்தைக் காட்டுகிறது. எல்லாவற்றுக்கும் நினைவகத்தில் இடம் வேண்டும். செயலியின் நேரம் வேண்டும். வட்டில் எழுத உரிமை வேண்டும். இவற்றைப் பங்கிட்டுக் கொடுத்து, ஒன்றின் வேலையில் மற்றொன்று தலையிடாமல் பார்த்துக்கொள்வதே இயங்குதளத்தின் வேலை. கல்யாண வீட்டில் சமையற்காரர், பந்தி பரிமாறுவோர், விளக்கு போடுவோர் எல்லோருக்கும் வேலை பிரித்துக் கொடுத்து மேற்பார்க்கும் பெரியவரைப் போன்றது அது. பரிமாறுபவர் ஒருவர் மயங்கி விழுந்தால் பந்தி நிற்காது, வேறொருவர் வருவார். பெரியவரே மயங்கி விழுந்தால் கல்யாண வீடே திகைத்து நிற்கும்.

2024-இல் நடந்தது இதுதான். அந்தப் பாதுகாப்பு மென்பொருள் விண்டோஸின் ஒரு பகுதி அன்று. ஆனால் தீநிரல்களைப் பிடிக்க வேண்டியிருப்பதால், இயங்குதளத்தின் உட்கருவிலேயே இருந்து வேலை செய்ய அதற்கு அனுமதி தரப்பட்டிருந்தது. வந்த புதுப்பிப்புக் கோப்பு 21 உள்ளீடுகளைக் கேட்டது. நிரல் கொடுத்ததோ 20. இல்லாத இருபத்தோராவதைத் தேடிய நிரல், தனக்கு உரிமையில்லாத நினைவகப் பகுதியைப் படிக்கப் போயிற்று. சாதாரண நிரல் இவ்வாறு செய்தால், இயங்குதளம் அந்த நிரலை மட்டும் நிறுத்திவிடும். உட்கருவிலேயே இது நடந்ததால் முழுக் கணிப்பொறியும் நின்றது.

இயங்குதளத்தில் பிழைகள் ஏன் இருக்கின்றன என்று நீங்கள் கேட்கலாம். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட முதல் லினக்ஸ் உட்கரு சுமார் 10,000 வரிகள் கொண்டது. இன்று அது மூன்று கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. இத்தனை வரிகளைப் பல்லாயிரம் பேர் எழுதும்போது பிழை நேராமல் இருந்தால்தான் வியப்பு. பிழை கண்டுபிடிக்கப்படும், திருத்தப்படும், திருத்தம் நம்மை வந்தடையும். இதுவே புதுப்பிப்பு.

திருத்தத்தை ஆங்கிலத்தில் ‘பேட்ச்’ என்பார்கள். அதாவது கிழிந்த துணிக்குப் போடும் ஒட்டு. ஒரு காலத்தில் அது மெய்யாகவே ஒட்டுதான். 1944-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய மார்க்-1 என்னும் கணக்கிடும் பொறிக்குக் காகித நாடாவில் துளைகளிட்டு ஆணைகளைக் கொடுத்தார்கள். தவறான இடத்தில் துளை விழுந்துவிட்டால், அதன் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி மூடினார்கள். இன்று காகிதமும் இல்லை, பசையும் இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

6.9 பெரிதா, 6.10 பெரிதா?

இப்போது எண்களுக்கு வருவோம். கணக்குப் பாடத்தில் 6.9 பெரிது, 6.10 சிறிது. ஆனால் மென்பொருள் பதிப்புகளில் 6.9-க்குப் பிறகு வருவது 6.10. ஏனென்றால் இங்குள்ள புள்ளி தசமப் புள்ளி அன்று. வெறும் பிரிப்புக் குறி. உங்கள் பாடநூலில் பயிற்சி 6.9-க்கு அடுத்து பயிற்சி 6.10 வருகிறது அல்லவா? ஆறாம் பாடம், பத்தாம் பயிற்சி என்று அதைப் படிக்கிறோம். பதிப்பு எண்ணையும் அவ்வாறே படிக்க வேண்டும்.

பலரும் பின்பற்றும் முறையில் மூன்று எண்கள் இருக்கும். எடுத்துக்காட்டாக 4.2.7 என்ற பதிப்பைக் கொள்வோம். கடைசி எண் மாறினால், பிழை திருத்தம் மட்டுமே நடந்திருக்கிறது. நடு எண் மாறினால், புதிய வசதிகள் சேர்ந்திருக்கின்றன. பழையவை அப்படியே வேலை செய்யும். முதல் எண் மாறினால், பழைய வழக்கங்கள் சில மாறியிருக்கலாம், எச்சரிக்கை தேவை. வீட்டில் ஒழுகும் குழாயை மாற்றுவது, ஓர் அறையைச் சேர்த்துக் கட்டுவது, அடித்தளத்தையே மாற்றுவது என்று மூன்று வேலைகளாக இவற்றைக் கருதலாம்.

ஆனால் எல்லோரும் இம்முறையைப் பின்பற்றுவதில்லை. உபுண்டு என்னும் இயங்குதளம் ஆண்டையும் மாதத்தையுமே எண்ணாகக் கொள்கிறது. 2004 அக்டோபரில் வந்த முதல் பதிப்பு 4.10, 2024 ஏப்ரலில் வந்தது 24.04. 2006 ஏப்ரலில் வரவேண்டிய பதிப்பு ஜூனுக்குத் தள்ளிப்போனபோது, அதன் எண்ணும் 6.06 ஆகிவிட்டது. ஆப்பிள் நிறுவனமும் 2025-இல் ஆண்டுக் கணக்குக்கு மாறியது. அதனால்தான் அதன் கைப்பேசி இயங்குதளத்தில் 18-க்கு அடுத்து 26 வந்தது. லினக்ஸ் உட்கருவில் 2.6.39-க்கு அடுத்து 2011 ஜூலையில் 3.0 வந்தது. பெரிய மாற்றம் எதுவும் இல்லை. எண்கள் நீண்டுகொண்டே போனதும், லினக்ஸுக்கு இருபது வயது ஆனதும்தான் காரணம். எல்லாவற்றிலும் விந்தையானது, டொனால்டு குனுத் என்னும் கணிப்பொறி அறிஞர் உருவாக்கிய ‘டெக்’ என்ற அச்சுக்கோப்பு மென்பொருளின் எண். அது 3.14, 3.141 என்று வட்டத்தின் பை மதிப்பை நோக்கி ஒவ்வோர் இலக்கமாக வளர்கிறது. 2021-இல் அது 3.141592653. இலக்கம் கூடக் கூட மாற்றம் சிறிதாகிறது என்பது அதன் பொருள்.

பொய் சொல்லும் எண்கள்

உங்களிடம் விண்டோஸ் 7 உள்ள பழைய கணிப்பொறி இருந்தால், அதன் உள்ளே இருக்கும் பதிப்பு எண்ணைப் பாருங்கள். 6.1 என்றிருக்கும். பெயரில் 7, உள்ளே 6.1. இது என்ன விந்தை?

விண்டோஸ் எக்ஸ்பியின் எண் 5.1. ‘எக்ஸ்பி அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும்’ என்று சோதிக்க நினைத்த சில நிரலாளர்கள் இவ்வாறு எழுதினார்கள்: முதல் எண் 5 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், இரண்டாம் எண் 1 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். பார்வைக்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்து வந்த விஸ்டாவின் எண் 6.0. முதல் எண் தேறியது. இரண்டாம் எண் 0 ஆனதால் தேறவில்லை. புதிய இயங்குதளத்தைப் பார்த்து, ‘இது மிகப் பழையது’ என்று அந்த நிரல்கள் ஓட மறுத்தன!

தவறு எங்கே? 2009 டிசம்பர், 2010 ஜனவரி ஆகிய இரண்டில் எது பிந்தியது என்று கேட்டால், நாம் முதலில் ஆண்டைத்தான் பார்க்கிறோம். ஆண்டு சமமாக இருந்தால் மட்டுமே மாதத்தைப் பார்க்கிறோம். ஜனவரி 1, டிசம்பர் 12, ஆகவே டிசம்பரே பிந்தியது என்று யாரும் சொல்வதில்லை. பதிப்பு எண்களையும் இவ்வாறே ஒப்பிட வேண்டும். உலகெங்கும் பரவிவிட்ட பழைய நிரல்களைத் திருத்த இயலாது. எனவே மைக்ரோசாஃப்ட் 2009-இல் வெளியிட்ட விண்டோஸ் 7-க்கு உள்ளெண்ணாக 6.1 என்றே கொடுத்துப் பழைய நிரல்களை ஓட வைத்தது. 2021-இல் வந்த விண்டோஸ் 11-உம் உள்ளே 10.0 என்றே சொல்லிக்கொள்கிறது. அதற்குப் பின்னுள்ள 22000 என்ற தயாரிப்பு எண்ணைக் கொண்டுதான் அதை அடையாளம் காண முடியும். ஆப்பிளின் மேக் இயங்குதளத்தில் 10.15-க்குப் பின் 2020-இல் 11 வந்தபோதும், பழைய நிரல்கள் கேட்டால் ‘நான் 10.16’ என்றே அது விடை சொன்னது.

லினக்ஸில் வேறொரு சிக்கல் நேர்ந்தது. அங்கு மூன்று எண்களையும் ஒரே எண்ணாக மாற்றி ஒப்பிடுவார்கள். முதல் எண்ணை 65,536-ஆலும், இரண்டாவதை 256-ஆலும் பெருக்கி, மூன்றாவதை அப்படியே கூட்ட வேண்டும். மூன்றாம் எண்ணுக்கு எட்டு பிட்டுகளே ஒதுக்கப்பட்டிருந்தன. எட்டு பிட்டுகளில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 255. 4.9 வரிசைக்குப் பல ஆண்டுகளாகத் திருத்தங்கள் வந்துகொண்டே இருந்ததால், 2021 பிப்ரவரியில் 4.9.256 வந்துவிட்டது. நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்: 4.9.256-க்கு 2,62,144 + 2,304 + 256 = 2,64,704. 4.10.0-க்கு 2,62,144 + 2,560 + 0 = 2,64,704. இரண்டும் ஒன்றே! வேறு வேறான இரு பதிப்புகள் ஒரே எண்ணாகத் தோன்றின. கணக்கிடும்போது மட்டும் மூன்றாம் எண் 255-ஐத் தாண்டாதபடி நிறுத்தி இச்சிக்கலைத் தீர்த்தார்கள்.

ஏன் அணைத்து எழுப்ப வேண்டும்?

புதுப்பிப்பு நிறுவப்படும்போது கணிப்பொறி மறுபடி தொடங்கப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். ஓடும் வண்டியில் சக்கரத்தை மாற்ற முடியாது. இயங்குதளத்தின் கோப்புகள் பயன்பாட்டில் இருக்கும்போது அவற்றை மாற்றி எழுத முடியாது. எனவே புதிய கோப்புகள் முதலில் ஒரு பக்கமாகச் சேமிக்கப்பட்டு, மறுதொடக்கத்தின்போது பழையவற்றின் இடத்தில் வைக்கப்படுகின்றன. ‘மின்சாரத்தை நிறுத்தாதீர்கள்’ என்ற எச்சரிக்கை இந்த வேளைக்காகத்தான். பாதி பழையது, பாதி புதியது என்ற நிலையில் மின்சாரம் நின்றால், கணிப்பொறி எழாமலே போகலாம். மடிக்கணிப்பொறியானால் மின் இணைப்பில் வைத்துக்கொண்டு புதுப்பிப்பதே நல்லது.

2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7.0 இதற்கு ஒரு நல்ல வழியைக் காட்டியது. இம்முறையைக் கையாளும் கைப்பேசிகளில் இயங்குதளத்துக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்றிலிருந்து கைப்பேசி ஓடிக்கொண்டிருக்கும்போதே, மற்றதில் புதிய பதிப்பு எழுதப்படும். மறுதொடக்கத்தில் புதியதற்கு மாறும். புதியது சரியாக எழவில்லையென்றால் பழையதற்கே திரும்பிவிடும். புது வீடு கட்டி முடியும்வரை பழைய வீட்டை இடிக்காமல் இருப்பது போன்றது இது.

கோளாறு வந்தால் என்ன செய்வது?

புதுப்பித்த பின் ஏதோ ஒன்று சரியில்லை. அச்சுப்பொறி ஓடவில்லை, அல்லது புதுப்பிப்பே நிறுவப்படவில்லை. பதற வேண்டாம். ஆய்வுக்கூடத்தில் சோதனை செய்வது போல ஒழுங்காகச் செல்லுங்கள்.

முதலில், திரையில் வந்த செய்தியை எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள எண் வெறும் அலங்காரம் அன்று. எடுத்துக்காட்டாக, விண்டோஸில் சுழியமும் எக்ஸ் என்ற எழுத்தும் முன்னே நிற்க, 80070070 என்று ஒரு பிழை எண் வருவதுண்டு. இது பதினாறு அடிமான எண். கடைசி 70-ஐ நம் வழக்கத்துக்கு மாற்றினால் 7 × 16 + 0 = 112. விண்டோஸின் பட்டியலில் 112 என்பதற்கு ‘வட்டில் போதிய இடமில்லை’ என்று பொருள். பழைய படங்களையும் காணொளிகளையும் வேறிடத்துக்கு மாற்றினால் வேலை முடிந்தது. எண்ணைக் குறிக்காமல் ‘ஏதோ பிழை வந்தது’ என்று மட்டும் சொன்னால், உதவ வருபவருக்கும் வழி தெரியாது.

இரண்டாவதாக, பதிப்பு எண்ணைப் பாருங்கள். கணிப்பொறியாயினும் கைப்பேசியாயினும், அமைப்புகள் பகுதியின் உள்ளே சாதனத்தைப் பற்றிய பக்கத்தில் அது இருக்கும். பெயரை மட்டுமன்றித் தயாரிப்பு எண்ணையும் சேர்த்துக் குறியுங்கள்.

மூன்றாவதாக, கடைசியாக என்ன மாறியது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நேற்று ஓடியது இன்று ஓடவில்லையென்றால், இடையில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. அது புதுப்பிப்பாக இருக்கலாம். புதிதாகச் செருகிய கருவியாகவும் இருக்கலாம். தளர்ந்துபோன கம்பியாகவும் இருக்கலாம்.

நான்காவதாக, ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றிப் பாருங்கள். மூன்றை ஒருசேர மாற்றிச் சரியானால், எதனால் சரியாயிற்று என்பது தெரியாது. எளிதில் திரும்பப் பெறக்கூடியதை முதலில் செய்யுங்கள்: மறுதொடக்கம், பிறகு, இன்றியமையாத பகுதிகளை மட்டும் கொண்டு எழும் ‘பாதுகாப்பு முறை’, பிறகு, கடைசிப் புதுப்பிப்பை நீக்குதல். 2024-இல் நின்றுபோன பல கணிப்பொறிகளைப் பாதுகாப்பு முறையில் எழுப்பி, பிழையான அந்த ஒரு கோப்பை அழித்துத்தான் மீட்டார்கள். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவுவது கடைசி வழி. அதுவும் கோப்புகளைப் படியெடுத்து வைத்த பிறகே.

சில கோளாறுகளுக்குப் புதுப்பிப்பே மருந்து. நண்பர் அனுப்பிய தமிழ்ச் செய்தியில் ஓரெழுத்துக்குப் பதில் வெற்றுக் கட்டம் தெரிகிறதா? முந்திரி என்னும் 1/320 முதலான நம் பழைய பின்னங்களும் குறியீடுகளுமாக 51 வடிவங்கள் 2019 மார்ச்சில் யூனிகோடு 12.0 பதிப்பில் சேர்க்கப்பட்டன. அதற்கு முன் உருவான எழுத்துருக்களுக்கு அவை தெரியா. தெரியாததைக் கட்டமாகக் காட்டும். செய்தி கெடவில்லை, அதை வாசிக்கும் எழுத்துருதான் பழையது.

முடிவாக

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். பாதுகாப்புத் திருத்தங்களைத் தள்ளிப்போடாதீர்கள். சில நாட்களுக்குள் நிறுவிவிடுங்கள். குறை இன்னது என்று வெளியானவுடன், அதைப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கும் அது தெரிந்துவிடுகிறது. மருத்துவமனைகளுக்குக் கிடைத்த 59 நாட்கள் வீணானதை நினைவில் கொள்ளுங்கள். முதல் எண் மாறும் பெரிய பதிப்புக்கு அவசரம் இல்லை. சில வாரங்கள் பொறுத்து, பிறருடைய அனுபவத்தைக் கேட்டு, கோப்புகளைப் படியெடுத்த பின் மாறலாம். தேர்வுக்கு முதல் நாள் இரவு மட்டும் வேண்டாம்!

ஆதரவு முடிந்த இயங்குதளத்தை இணையத்தில் பயன்படுத்துவது கதவில்லா வீட்டில் குடியிருப்பதற்குச் சமம். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-உடனும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடனும் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. புதிய விண்டோஸை ஏற்காத பழைய கணிப்பொறி உங்களிடம் இருந்தால், அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் வகைகள் பல அதில் நன்றாகவே ஓடும்.

இன்று உங்கள் கைப்பேசியை எடுத்து, அதன் பதிப்பு எண்ணையும், கடைசிப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வந்த தேதியையும் பாருங்கள். அந்தத் தேதி பல மாதங்களுக்கு முந்தியதாக இருந்தால், அடுத்த முறை ‘பிறகு’ என்று அழுத்துமுன் ஒரு கணம் யோசியுங்கள்.